யாரோ குடித்த பீர்

சொல்தா அருளப்பன் புதுச்சேரியில் சுண்ணாம்புக் காளவாய்த் தெரு முனையில் ஜெர்மன் பீர் விற்கும் பாரைத் திறந்த அன்று சாயங்காலம், அங்கே போய்க் குடித்த ஆண்களில் ஒருவருக்கும் போதை ஏறவில்லை. அவர்கள் குடித்ததெல்லாம் வீட்டில் மாவு கரைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் டிவி பார்த்துக்கொண்டும் இருந்த அவரவர் மனைவிமாருக்கு ஏறியது. இரண்டாம் வீட்டு அம்சவேணி தோசைக்கல்லைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்றைக்கும் குரல் உயர்த்தாத தபால் ஆபீஸ் ராஜாத்தி, மாமியார் வைக்கும் குழம்பைப் பற்றிக் கல்யாணமான நாள் முதல் மனசில் வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, அப்படியே மாமியாரைக் கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தாள். மாடிவீட்டுப் பெண் கொடியில் காய்ந்த சட்டைகளோடு நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் தனியாக இருந்த ஜெசிந்தாவுக்கும் ஏறியது. கீபோர்டு முன்னால் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கான பாட்டைப் பழகிக்கொண்டிருந்த அவளுக்கு, வாயெல்லாம் திடீரென்று புகைச்சுவை நிறைந்து, விரல்கள் லேசாகி, அறை ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. அவள் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அருளப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். பட்டாளம் அவரை ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில் வைத்திருந்த காலத்தில், துப்பாக்கி துடைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பீரின் வகைகளைக் கற்றுக்கொண்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியபோது அந்த ஆசையையும் கூடவே கொண்டுவந்திருந்தார். "எல்லாம் நல்ல சரக்கு, நேரா அங்கேருந்து வர்றது, நான் ஒண்ணும் கலக்கல" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சத்தியம் செய்தார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. முதல் வாரம் பெண்கள் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தார்கள், டாக்டரிடம் போனார்கள், டாக்டரின் மனைவிக்கும் அப்படித்தான் என்று தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். அடுத்த வாரம் சாயங்காலச் சமையலை நாலு மணிக்கே முடித்துவைக்கப் பழகிக்கொண்டார்கள். ஆண்கள்தான் பாவம், தெளிந்த தலையோடு பாரில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் முழித்தார்கள், பிறகு சாக்கடை அடைப்பைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேசினார்கள், பேசியது மறுநாளும் ஞாபகம் இருந்ததால் வேறு வழியில்லாமல் அவற்றைச் சரிசெய்தும் வைத்தார்கள்.

பெண்களுக்கோ நாக்கு பழகிவிட்டது. கோதுமை பீர் வந்தால் பழுத்த வாழைப்பழத்தில் கிராம்பைக் குத்திவைத்த மாதிரி இருக்கிறதென்றும், பொன்னிறத்துப் பில்ஸ் வேப்பம்பூ ரசத்துக்குத் தங்கச்சி என்றும், கறுப்பு பீர் பன்ரொட்டியின் கருகிய அடிப்பாகம் என்றும், உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுப் புளிக்கவைத்த கோஸ என்ற பீர் அசல் நீர்மோர்தான் என்றும் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். "இன்னைக்கு அந்த உப்பு பீரையே குடிச்சிட்டு வாங்க, நேத்து குடிச்சது கசப்பு" என்று புருஷனிடம் சொல்லியனுப்பினார்கள். அருளப்பன் அக்கம்பக்கத்துப் பார்களுக்கும் சரக்கு கொடுக்க ஆரம்பித்ததும் இன்னும் வசதியாகப் போயிற்று. மார்க்கெட் பாரில் கிளாஸைச் சரியாகக் கழுவுவதில்லை, சோப்பு வாடை வருகிறது. தியேட்டர் பாரில் சில்லென்று இல்லை. பூங்கா பக்கத்துப் பாரில் நுரை நன்றாக நிற்கிறது. இப்படி எந்தப் பாருக்கும் ஒரு தடவைகூடப் போகாமலே பெண்கள் எல்லாப் பார்களையும் அறிந்துவைத்திருந்தார்கள், நல்ல பார் தேடச் சொல்லி ஆண்களைத் தெருத்தெருவாக விரட்டினார்கள். தொட்டுக்கொள்ளும் சுண்டல் மட்டும் வருவதில்லையே என்ற ஒரே குறைதான் அவர்களுக்கு.

ஜெசிந்தா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. புகைவாடை வெளியே தெரியாமலிருக்கக் கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இது யார் குடிக்கிற பீர், யார் வாய் என் வாய்க்குள் இருக்கிறது என்று யோசித்து யோசித்துக் குழம்பினாள். செத்துப்போன புருஷன்தான் மேலே எங்கோ உட்கார்ந்து குடிக்கிறாரோ என்றுகூட ஒருநாள் நினைத்தாள். ஆனால் அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது சோடாவைத் தவிர வேறொன்றும் தொட்டதில்லை.

பிறகுதான் ரேஷன் கடை வரிசையில் அந்த விஷயம் வெளிப்பட்டது. கல்யாணமாகாத லூயி பாரில் கறுப்பு பீரை வாயில் வைத்த அதே நேரம், வரிசையில் நின்றிருந்த விளையாட்டு டீச்சர் பொற்கொடி, அவனை முன்பே வேண்டாமென்று சொல்லிவிட்டவள், சர்க்கரைப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். அப்போது ஊருக்குப் புரிந்தது, ஏறுவது மனைவிக்கு இல்லை, குடிக்கிறவன் மனசில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு. முதல்நாள் அநேகமாக எல்லா ஆண்களும் வீட்டில் என்ன சொல்வாளோ என்று நினைத்துக்கொண்டே குடித்ததால் எல்லாம் மனைவிகளுக்கே போயிருந்தது. பயம் தெளிந்த பிறகு போதை இஷ்டத்துக்கு அலைந்தது. மனைவியை இழந்த கணக்குப்பிள்ளை மட்டும் தினமும் ஒரு கிளாஸ் குடித்து, யாருக்கும் ஏறாமல், "அவளுக்குப் போயிருக்கும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு பெண் சாயங்காலம் தெளிவாக நடந்தால் அது அவமானம். தள்ளாடுகிறவளுக்குத்தான் மரியாதை. மத்தியானம் சண்டை போட்ட பெண்கள்கூடச் சாயங்காலம் கண்கள் சிவக்க வாசலில் வந்து நின்று, "எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு நாலு கிளாஸ் போல" என்று சலித்துக்கொள்வதுபோலப் பெருமையடித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தள்ளாடியவள் ஜெசிந்தாவின் பக்கத்து வீட்டு மரகதம். அவள் புருஷன் தண்டபாணி மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். தினமும் அருளப்பன் பாரில் குடித்துவிட்டு, ஆர்டர் நிறைய இருக்கிறதென்று நேராகக் கடைக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு அங்கேயே படுத்துவிடுவார். மரகதம் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் காற்றைத் துழாவிக்கொண்டு, சேலைத் தலைப்பு தரையில் புரளத் தெருவை அளந்தாள். எதிர்வீட்டுப் பெண்களுக்குப் பொறாமையாக இருந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும் பயமாக இருந்தது. தனக்குத் தினமும் நிஜமாகவே ஏறுவதால், மரகதத்துக்கு ஒரு சொட்டுகூட ஏறவில்லை என்பது அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் தண்டபாணி குடிப்பது யாருக்குப் போகிறது? புகைச்சுவை அவள் வாயில் வருவதும் தண்டபாணி பாருக்குப் போவதும் ஒரே நேரம். போன மாசம் அவள் கேட்காமலே வந்து விசிறியைச் சரிசெய்துவிட்டுப் போனவரும் அவர்தான். புருஷன் செத்த நாளிலிருந்து ஒருநாள்கூட விடாமல் ஒரு கிண்ணம் குழம்போடு வந்து எட்டிப்பார்க்கிறவள் மரகதம். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் படுத்துக் கிடந்தவள். இந்தப் புகை அவள் புருஷனுடையதாக இருந்தால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதைவிட மோசமாக, சாயங்காலம் நெருங்க நெருங்க அந்தப் புகைக்காகத் தன் நாக்கு காத்திருக்கிறதே, அதை என்ன செய்வது?

சனிக்கிழமைச் சாயங்காலப் பூசையில் அது நடந்தது. காணிக்கைப் பாட்டின் நடுவே வாயில் புகை நிறைந்தது. ஜெசிந்தாவின் விரல்கள் தாமாகவே ஓட, அழுது பாடவேண்டிய பாட்டு கல்யாண ஊர்வலப் பாட்டாக மாறி, முன்வரிசைக் கிழவர்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் வாசலில் அவளை நிறுத்தி, "யாரும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "தெரியல சாமி" என்றாள் ஜெசிந்தா. அது உண்மை. ஆனால் சொன்ன விதத்தில் பொய்போல இருந்தது. விரல்வலி என்று சொல்லிக் கோயிலில் வாசிப்பதை நிறுத்தினாள், வீட்டிலும் கீபோர்டின் மேல் துணியைப் போர்த்தினாள்.

வாசிப்பு நின்றதும் புகை குறையவில்லை, கூடியது. ஒரு கிளாஸாக வந்தது இரண்டாக வந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் மரகதம் குழம்புக் கிண்ணம் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். "ஜெசி, உன்கிட்ட சொல்றதுக்கு என்ன. எனக்கு ஒருநாளும் ஏறலடி. எல்லாம் நடிப்பு. கால் வலிக்குது."

ஜெசிந்தா வாயிலிருந்த கிராம்பை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

"அந்த ஆளு யாரை நெனைச்சுக் குடிக்கிறாருன்னு நான் பார்க்கணும். நீ கூட வா. நான் தனியா பாருக்குள்ள போனா நல்லாவா இருக்கும்?"

"நான் வந்தா மட்டும் நல்லா இருக்குமாக்கா?"

"ரெண்டு பேரா போனா ஏதோ வேலையாப் போனதா நெனைச்சுக்குவாங்க."

மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். வருகிறேன் என்று சொன்னால், தண்டபாணி கிளாஸை எடுத்து வாயில் வைக்கும்போது தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஜெசிந்தா வாய்நிறையக் கிராம்பைப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் எல்லா மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டு, மரகதத்தின் பின்னால் போனாள்.

அருளப்பன் பாரில் கூட்டம் இருந்தும் சத்தம் இல்லை. எல்லோரும் தெளிவாக உட்கார்ந்து வார்டு எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் வந்ததைப் பார்த்து அருளப்பன் பட்டாளத்து மரியாதையோடு எழுந்து, மரத்தட்டிக்குப் பின்னால் ஒரு மேஜையைக் காட்டினார். தட்டியின் இடைவெளி வழியாகத் தண்டபாணி தெரிந்தார். அவர் முன்னால் நுரை ததும்பும் உயரமான கிளாஸில் கோதுமை பீர். அவர் அதை எடுத்தார். ஜெசிந்தா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் குடித்தார்.

ஜெசிந்தாவின் வாயில் கிராம்பைத் தவிர ஒன்றும் இல்லை. வாழைப்பழம் வரவில்லை, புகை வரவில்லை. அவர் இன்னொரு மடக்குக் குடித்தார், அப்போதும் ஒன்றும் இல்லை. அவளுக்கு உடம்பே இறகாகிப் போனது. அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்ததைக் கண்டு அவளுக்கே அவளைப் புரியவில்லை.

அப்போது தண்டபாணி பாட ஆரம்பித்தார். பிறகு தன் சட்டைக் காலரைத் தானே நீவிவிட்டு, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து, "உன்னை மாதிரி காயில் கட்ட இந்தப் பாண்டிச்சேரியில எவன் இருக்கான்?" என்று கேட்டுவிட்டு விம்மினார். அந்த அறையிலேயே போதையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அருளப்பன் தட்டிப் பக்கமாகக் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, இவரு ஒருத்தருக்குத்தான் இங்க இப்படி. இவரு குடிக்கிறது இவருக்கேதான் ஏறுது, நாங்க யாரும் வெளிய சொல்றதில்ல" என்றார்.

மரகதம் தட்டியின் இடைவெளியிலிருந்து முகத்தை எடுத்தாள். "எவளாவது இருப்பான்னு நெனைச்சேன்" என்றாள். "எவளாவது இருந்திருந்தா சண்டையாவது போடலாம்."

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில், இனி மறைக்க ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில், அத்தனை நாள் அடக்கிவைத்ததை மரகதத்திடம் சொன்னாள்: தினமும் ஏறுகிறது, யாரென்று தெரியவில்லை, உன் புருஷனோ என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். மரகதம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படப் போகிறாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். மரகதம் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு அருளப்பன் பக்கம் திரும்பி, "அண்ணே, இவளுக்கு வர்றது எந்த பீருன்னு சொல்லுங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்ல, இவளுக்கு இருக்கிறதையாவது தெரிஞ்சுக்கலாம்" என்றாள்.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். விறகடுப்பு. அதில் கருவாடு சுட்ட தணல். பின்னால் கொஞ்சம் வெல்லம்.

அருளப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "ராவுக் பியர்! பார்லியை விறகுப் புகையில காயவெச்சுச் செய்றாங்கம்மா, பாம்பெர்க்னு ஒரு ஊருல. நான் ஆசையாக் கொண்டுவந்தேன், முதல்நாள் ஒருத்தரு குடிச்சாரு, வேற ஒரு ஆளு தொடல, கருவாட்டுத் தண்ணின்னு சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் ரயில்வே கேட்டாண்ட இருக்கிற சின்ன பாருக்குக் கொடுத்துட்டேன். அங்க போயும் அவரு ஒருத்தருதான் குடிக்கிறாராம்."

அங்கிருந்து நேரே இருவரும் போய்ச் சேர்ந்த ரயில்வே கேட் பக்கத்துப் பார் பாரென்று சொல்லும்படி இல்லை. வேப்பமரத்தடியில் தகரக் கூரை, நாலு மேஜை, கழுவித் துடைத்துக் கவிழ்த்த கிளாஸ்கள், சத்தம் குறைவாக வைத்த ரேடியோ. நல்ல பார் என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்ளும் எல்லாமே அங்கே இருந்தன, ஆனால் யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. கடைசி மேஜையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்து செம்பழுப்பு நிற பீரை வாய்க்குக் கொண்டுபோனார். ஜெசிந்தாவின் வாயில் அடுப்பு மூண்டது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அவரை முன்பின் தெரியாது. மரகதத்துக்குத் தெரிந்திருந்தது. "இவரு உன் பின்வீட்டு ஞானாதிக்கம்டி. மில்லு மூடினதுலேருந்து யார்கூடவும் பேசமாட்டாரு" என்று காதில் சொல்லிவிட்டு, ஜெசிந்தா தடுப்பதற்குள் நேரே போய், "ஐயா, தப்பா நெனைச்சுக்காதீங்க, நீங்க குடிக்கும்போது யாரை நெனைச்சுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஞானாதிக்கம் எழுந்து நின்றார். அந்த ஊரில் அந்தக் கேள்வி அப்போது எவ்வளவு அந்தரங்கமானதென்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒளிக்கவில்லை. "பின்வீட்டுல ஒரு குழந்தை மியூசிக் படிக்குதுங்க. முகம் பார்த்ததில்ல, சுவருதான் நடுவுல. தினமும் ஒரு பாட்டு வாசிக்கும், ஒரே எடத்துல தப்பு பண்ணும். நாளைக்குச் சரியா வாசிச்சிடுமா, நாளைக்குச் சரியா வாசிச்சிடுமான்னு யோசிச்சுக்கிட்டே ஒரு கிளாஸ் குடிப்பேன். இப்ப கொஞ்ச நாளா சத்தமே இல்ல. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ, சின்னக் குழந்தைக்கெல்லாம் ஏறாதுன்னு இருந்தேனே, நாம நெனைச்சதுதான் ஏதாச்சும் பண்ணிடுச்சோன்னு மனசு கேக்கல. அதனால ரெண்டு கிளாஸா ஆயிடுச்சு."

மரகதம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் கிராம்பு மென்றதும், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டதும், சாயங்காலம் தலைவாரிக்கொண்டதும் கண்முன்னால் வந்துபோயின. அவர் குடித்த பீர் அவள் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் வந்த தைரியத்தில், "அது தப்பு இல்ல" என்றாள். "அந்த எடத்துல அப்படித்தான் வாசிக்கணும்."

"இல்லீங்களே, பாட்டு அங்க மேல போகணும்…"

"கீழதான் போகணும். நாப்பது வருஷமா நான் அப்படித்தான் வாசிக்கிறேன்."

ஞானாதிக்கம் அவளைப் பார்த்தார், அவளுடைய விரல்களைப் பார்த்தார், மெதுவாகக் கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்து போயிற்று. "அம்மா, எனக்குத் தெரியாது. இனிமே தொடல" என்று கைகூப்பினார்.

"தொடுங்க" என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணே ஒண்ணு. பூசை இருக்கிற நாளு வேண்டாம்." அதைச் சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவர் குடையையும் பையையும் தேடி எடுத்துக்கொண்டு, தகரக் கூரையில் தலையை இடித்துக்கொண்டு, வாசலில் நின்று, "நாளைக்கு வாசிப்பீங்களா?" என்று கேட்டார். வாசிப்பேன் என்று அவள் தலையை ஆட்டியதும் போய்விட்டார்.

அவர் போனதும் அவள் தலை மெல்லத் தெளிந்தது. மரகதம் நாற்காலியில் உட்கார்ந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளாடிக் காட்ட யாரும் இல்லாத இடத்தில் அவளுடைய தோள்கள் இறங்கி, முகம் வெறுமையாக இருந்தது. "உனக்காவது பின்வீட்டுக்காரரு இருக்காரு" என்றாள், பொறாமை இல்லாமல். "குழந்தைன்னு நெனைச்சாலும் நெனைச்சாருல்ல."

ஜெசிந்தா பார்க்காரரைக் கூப்பிட்டு ஒரு கிளாஸ் புகை பீர் கேட்டாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையாலேயே எடுத்து, தன் வாயாலேயே குடித்தாள். கசந்தது. காய்ச்சல் நாட்களில் பக்கத்தில் படுத்துக் கிடந்த அந்த உடம்பின் சூட்டையும், சுவரைப் பிடித்துக்கொண்டு பொய்யாகத் தெருவை அளந்த கால்களையும் நினைத்துக்கொண்டே முழுக் கிளாஸையும் குடித்தாள். அவள் தலையில் ஒன்றும் ஏறவில்லை.

மரகதம் மூக்கைச் சுளித்தாள். நாக்கால் பல்லைத் தடவினாள். "ஜெசி," என்றாள், "கருவாடு சுட்ட வாடை வரல?" பிறகு அவள் கண்கள் அகன்றன. ஒரு விக்கல் வந்தது. அவள் ஜெசிந்தாவின் காலி கிளாஸைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள், அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இருட்டுவதற்கு முன் இருவரும் தெருவுக்குத் திரும்பினார்கள். நிஜமான போதை மரகதத்தைத் தள்ளாடவிடவில்லை. கோடு கிழித்த மாதிரி நேராக, தலை நிமிர்ந்து, ஒவ்வோர் அடியையும் எண்ணிவைப்பதுபோல நடந்தாள். குழாயடியில் நின்ற அம்சவேணி அதைப் பார்த்து மனசிரங்கி, "என்னக்கா, இன்னைக்கு இவ்ளோ நிதானமா வர்றீங்க, வீட்டுக்காரரு குடிக்கலையா?" என்று கேட்டாள்.

"அவரு குடிக்கிறாரு, நல்லாக் குடிக்கட்டும்" என்று மரகதம் நிதானமாகச் சொல்லிவிட்டு, ஜெசிந்தாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏன்டி, நாளைக்கு அந்த உப்பு போட்டதைக் குடிக்கிறியா?" என்றாள்.